ரோடர் கோபுரத்திலிருந்து

ரோட்டன்பர்க் நகரின் கிழக்கு மதிலில் இருக்கிறது ரோடர் கோபுரம். மரப்படிகளில் மூச்சு வாங்க ஏறினால் உச்சியில் பழைய காவலர் அறை. ஜன்னலுக்குக் கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகள். அடடா, இதுதான்யா இடைக்காலம் என்றது மனசு.

அதே அறையில் மாட்டியிருந்த படங்கள் அந்த மயக்கத்தைக் கலைத்தன. 1945 மார்ச் 31 அன்று அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகளில் எரிந்தது இந்தக் கிழக்குப் பக்கம்தான். பழைய நகரில் ஏறத்தாழ 40 சதவீதம் போயிற்று. நான் வாய் பிளந்து பார்த்த கூரைகளில் பல என் அப்பாவைவிட இளையவை.

திரும்பக் கட்டியதில் எனக்குக் குறையில்லை. அழிவின் தழும்பே தெரியாமல் கட்டியதுதான் உறுத்துகிறது. இந்த ஊரைத்தான் நாஜிகள் அசல் ஜெர்மானிய நகரம் என்று கொண்டாடினார்கள். 1938 அக்டோபரில் மிச்சமிருந்த யூதர்களையும் விரட்டினார்கள். தெருவில் நடக்கும்போது இதெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது? அத்தனை அழகு.

மதில்மேல் உள்ள நடைபாதை வேறு மாதிரி. சீரமைக்கப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஜப்பானியர், அமெரிக்கர் பெயர்கள்கூட உண்டு. இடைக்கால மதிலில் இதென்ன விளம்பரம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கோ அந்த ஊரில் தன் வயதை மறைக்காத கற்கள் அவைதான் என்று பட்டது. நடைபாதைக்குக் கூரை உண்டு. மழை விடும்வரை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே நடந்தேன்.