பிறனும் அடுத்திருப்பவரும்: நல்ல சமாரியன் உவமையின் இரு தமிழ் வடிவங்கள்

1. முன்னுரை

கிறித்தவ அறத்தின் மையமாகத் தன்னலமற்ற அன்பு கருதப்படுகிறது. ஆகவே விவிலியத் தமிழ் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் 'அகபே' என்னும் கிரேக்கச் சொல்லுக்குத் தமிழில் அமைந்த அன்பு, நேசம், சிநேகம் ஆகிய பெயர்ச்சொற்களையே ஆராய்ந்து வந்துள்ளன. அன்பு வாழ்க்கையில் செயலாக வெளிப்படும் இடத்தை மொழிபெயர்ப்பாளர் எவ்வாறு கையாண்டனர் என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. அவ்வினாவுக்கு ஏற்ற களமாக லூக்கா நற்செய்தி பத்தாம் இயலில் இடம்பெறும் நல்ல சமாரியன் உவமை அமைகிறது. கள்வரால் தாக்கப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்த ஒருவனைக் குருவும் லேவியனும் கண்டும் விலகிச் செல்ல, யூதரால் வெறுக்கப்பட்ட சமாரியன் ஒருவன் நின்று காப்பாற்றியதை அவ்வுவமை கூறுகிறது.

இவ்வுவமையின் இரு தமிழ் வடிவங்கள் இக்கட்டுரையில் ஒப்பிடப்படுகின்றன. ஒன்று, ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கியத் திருப்புதல். இன்று பழைய திருப்புதல் என்னும் பெயரில் அச்சில் வழங்குவது. மற்றொன்று, கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு.

2. கட்டளையில் 'பிறன்'

தன்னிடத்தில் அன்புகூர்வது போல யாரிடத்தில் அன்புகூர வேண்டும் என்பதைக் கிரேக்க மூலம் 'பிளேசியோன்' என்னும் சொல்லால் குறிக்கிறது. அடிப்படையில் இது 'அருகில்' எனப் பொருள்படும் வினையடை. சுட்டிடைச்சொல் சேர்ந்து பெயராகிறது. ஐக்கியத் திருப்புதல் இதனைப் 'பிறன்' என்கிறது. பொது மொழிபெயர்ப்பு 'அடுத்திருப்பவர்' என்கிறது. அகராதிப் பொருளை மட்டும் நோக்கினால் பிந்தியதே மூலத்துக்கு அணித்தானது.

ஆயினும் பவர் குழுவினரின் தேர்வைப் பிழையென ஒதுக்கிவிட இயலாது. தமிழ் அற மரபில் 'பிறன்' ஆழ வேரூன்றிய சொல். திருக்குறளில் பதினைந்தாம் அதிகாரம் பிறனில் விழையாமை எனப் பெயர் பெற்றுள்ளது. குறளில் ஒருமையில் வரும் 'பிறன்' பெரிதும் விலக்கு அறங்களோடு இயைந்து நிற்கிறது: பிறன் மனையை விரும்பாமை, பிறன் பொருளை வௌவாமை, பிறன் பழி கூறாமை. பிறன் என்பவன் நாம் மீறக்கூடாத ஓர் எல்லைக்கு அப்பால் நிற்பவன். அந்த எல்லையைக் காத்தலே அறம்.

இச்சொல்லை 'அன்புகூர்' என்னும் வினையோடு இணைத்தபோது விலக்கு அறம் விதி அறமாயிற்று. தீங்கு செய்யாதிருக்க வேண்டியவனாக இருந்த பிறன், நன்மை செய்யப்பட வேண்டியவனாகவும் ஆனான். இவ்விணைப்புக்கும் தமிழில் முன்னோடி உண்டு. அன்புடைமை அதிகாரத்தின் இரண்டாம் குறள், அன்புடையார் தம் எலும்பையும் பிறர்க்கு உரியதாகக் கருதுவர் என்னும் கருத்தினது. எனவே கட்டளை வாக்கியத்தில் 'பிறன்' பொருந்துவது மட்டுமன்று, கட்டளையின் அருமையையும் உணர்த்துகிறது. உறவினரிடத்து அன்பு இயல்பாக எழும். பிறனிடத்து அன்பு கட்டளையாக வேண்டியிருக்கிறது.

3. வினாவில் 'பிறன்'

இடர்ப்பாடு உவமையின் முடிவில் தோன்றுகிறது. தனக்குப் பிளேசியோன் யார் என்று சட்ட அறிஞர் கேட்க, இயேசு கதையைக் கூறியபின் வினாவைத் திருப்பிக் கேட்கிறார்: கள்வர் கையில் அகப்பட்டவனுக்கு மூவருள் பிளேசியோன் ஆனவர் யார்? ஒரே சொல் முதலில் அன்பைப் பெறுபவனையும் பின்னர் அன்பைச் செய்பவனையும் குறிக்கிறது. உவமையின் திருப்பம் முழுதும் இச்சொல்லின் மேல் நிற்கிறது.

இங்கே ஐக்கியத் திருப்புதல் மீண்டும் 'பிறன்' என்றே கூறுவதால் பொருள் தலைகீழாகும் நிலை ஏற்படுகிறது. அடிபட்டவனுக்குப் பிறனாய் இருந்தவன் யார் எனத் தமிழ்ச் செவியில் விழும்போது, விலகிச் சென்ற குருவும் லேவியனுமே இயல்பான விடையாகத் தோன்றுவர். பிறன் போல நடந்துகொண்டவர்கள் அவர்கள்தாம். சமாரியனோ பிறனாய் இருந்தும் பிறனாய் இராதவன். பழைய திருப்புதலைப் படித்துப் பழகியவர்கள் சரியான விடையையே கூறுவர் எனில், அதற்குக் காரணம் கதையின் ஆற்றலும் மரபு விளக்கமுமே. சொல்லின் துணை அன்று.

'அயலான்' என்னும் சொல்லும் இதே சோதனையில் தவறுகிறது. பக்கத்து வீட்டாரையும் அந்நியரையும் ஒருங்கே குறிக்கும் அச்சொல் முதல் வினாவுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் ஒருவர் மற்றொருவருக்கு அயலானார் என்றால் விலகிப்போனார் என்றே பொருள்படும்.

4. 'அடுத்திருப்பவர்'

பொது மொழிபெயர்ப்பின் 'அடுத்திருப்பவர்' இந்தத் தடையைக் கடக்கிறது. 'அடு' என்னும் வினை நெருங்குதலைக் குறிப்பது. ஆயினும் இதன் நேரிய வடிவமாகிய 'அடுத்தவர்' பேச்சுத் தமிழில் பொருள் மாறிவிட்டது. அடுத்தவன் காசு, அடுத்தவன் விவகாரம் என்னும் வழக்குகளில் அது பிறன் என்ற பொருளையே தருகிறது. அருகிலுள்ளவனைக் குறித்த சொல் வேற்றாளைக் குறிக்கலாயிற்று. 'இரு' என்னும் துணைவினையைச் சேர்த்ததன் வாயிலாகப் பொது மொழிபெயர்ப்பு அப்பொருளைத் தடுத்துச் சொல்லின் மூலப்பொருளை மீட்டுள்ளது. இது பாராட்டத்தக்கது.

எனினும் அத்துணைவினைக்கு ஒரு விலை தரவேண்டியிருக்கிறது. 'அடுத்திருப்பவர்' என்பது எதிர்கால வடிவில் அமைந்த வினையாலணையும் பெயர். அது நிலையைக் குறிக்கிறது, நிகழ்வைக் குறிப்பதில்லை. அடுத்த வீட்டில் இருப்பவரும் பேருந்தில் அடுத்த இருக்கையில் இருப்பவரும் அடுத்திருப்பவரே. அவர்கள் அருகில் வந்ததில் துணிவுக்கோ தெரிவுக்கோ இடமில்லை.

கிரேக்க மூலத்தின் வினா 'ஆதல்' எனப் பொருள்படும் வினையின் முற்றுநிலை எச்சத்தால் அமைந்தது. மூவருள் எவரும் முன்னரே பிளேசியோனாக இருக்கவில்லை; ஒருவர் அவ்வாறு ஆனார். இரு தமிழ் வடிவங்களும் இந்த ஆதலை விட்டுவிட்டன. ஐக்கியத் திருப்புதல் 'இரு' என்னும் வினையால் முடிக்கிறது. பொது மொழிபெயர்ப்பு வினையின்றிப் பெயர்ப் பயனிலையாகவே நிறுத்துகிறது. 'ஆயினான்', 'ஆனார்' என எளிய வினைமுற்றுகள் தமிழில் இருந்தும் அவை பயன்படுத்தப்படவில்லை.

5. வினைகளில் துணிவு

இவ்விழப்பின் அளவை அறிய உவமையின் நிலக்களத்தை நினைவிற் கொள்ளவேண்டும். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 750 மீட்டர் மேலே உள்ள எருசலேமிலிருந்து, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 250 மீட்டர் கீழே உள்ள எரிகோவுக்குப் பாலைநில மலைகளின் ஊடே அவ்வழி இறங்குகிறது. தாக்கியவர்கள் அருகிலேயே பதுங்கியிருக்கக்கூடும். அங்கே நிற்பதே உயிருக்கு இடர். மார்ட்டின் லூதர் கிங் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக மெம்ஃபிஸ் நகரில் 1968 ஏப்ரல் 3 அன்று ஆற்றிய உரையில் இக்கூறினையே எடுத்து விளக்கினார். தாம் நின்றால் தமக்கு என்ன நேரும் என்று முன்னவர் இருவரும் கேட்டிருக்கலாம். சமாரியனோ தான் நில்லாவிடில் அவனுக்கு என்ன நேரும் என்று கேட்டான் என்பது அவர் விளக்கத்தின் சாரம். மறுநாள் அவர் அதே நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

கிங்கின் விளக்கத்தை இலக்கண நோக்கில் 'எனக்கு' என்பது 'அவனுக்கு' என மாறியதாகக் கூறலாம். இம்மாற்றம் உவமையின் இரு வினாக்களிலேயே உள்ளது. கிரேக்கம் அதனை ஆறாம் வேற்றுமையால் உணர்த்துகிறது. தமிழ், உறவுப்பெயர்களுக்கு இயல்பான நான்காம் வேற்றுமையால் உணர்த்துகிறது. சட்ட அறிஞரின் வினாவில் மையம் 'எனக்கு'. இயேசுவின் வினாவில் மையம் அகப்பட்டவனுக்கு உரியது. இரு தமிழ் வடிவங்களும் இதனைச் செம்மையாகக் காத்துள்ளன.

கதைப்பகுதியில் அன்பு என்னும் சொல்லோ துணிவு என்னும் சொல்லோ வரவில்லை என்பதும் நோக்கத்தக்கது. அவற்றின் பணியை வினைகள் செய்கின்றன. கிரேக்கத்தில் 'வருதல்' என்னும் ஒரே வினையடி, முன்னொட்டு வேறுபாட்டால் எதிர்ப்பக்கமாகக் கடத்தலையும் அருகே வருதலையும் குறிக்கிறது. ஐக்கியத் திருப்புதல் இதற்கு 'விலகிப்போ', 'கிட்டவா' என்னும் வினைகளை அமைத்துள்ளது. 'போ', 'வா' என்பன பேசுவோன் நிற்கும் இடத்தைச் சுட்டும் வினைகள். சமாரியன் கிட்டச் சென்றான் என்னாது கிட்ட வந்தான் என்றதனால், கதைசொல்லி அடிபட்டவனின் பக்கத்திலேயே நிற்கிறான்; படிப்போரும் அங்கேயே நிறுத்தப்படுகின்றனர். 'பிறன்' என்னும் சொல்லால் இழந்ததில் ஒரு பகுதியைப் பவர் குழுவினர் இவ்வினையால் ஈடுசெய்துள்ளனர் எனலாம்.

6. உயர்வுப் பன்மை

கிரேக்கம் வேண்டாத ஒரு தெரிவைத் தமிழ் வேண்டுகிறது. படர்க்கையில் ஒருவரைச் சுட்ட 'அவன்', 'அவர்' ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். ஐக்கியத் திருப்புதலில் சட்ட அறிஞன், ஆசாரியன், லேவியன், சமாரியன், அடிபட்டவன் அனைவரும் ஆன் ஈறு பெறுகின்றனர். பொது மொழிபெயர்ப்பில் அனைவரும் ஆர் ஈறு பெறுகின்றனர். இரண்டும் சமநிலையே. எனினும் 'அவன்' என விளிக்கப்படுவது சாதித் தாழ்வின் அடையாளமாக இருந்த ஒரு சமூகத்தில், வெறுக்கப்பட்ட இனத்தானையும் வழியில் ஆடையின்றிக் கிடந்தவனையும் 'அவர்' என்றது வெறும் நடை மாற்றமன்று. உவமை கூறும் அறத்தை இலக்கணமே ஒருவாறு செய்துகாட்டுகிறது.

7. முடிவுரை

அன்பு மறத்துக்கும் துணையாகும் என்னும் பொருளில் ஒரு குறள் உண்டு. பரிமேலழகர் அங்கு மறம் என்பதைப் பகைமை என்று கொண்டு, அன்பு அதனை நீக்கத் துணையாகும் என்று உரைப்பார்; வீரம் எனக் கொண்டு அன்பே வீரத்துக்கும் துணை என்று பொருள் கூறுவாரும் உளர். நல்ல சமாரியன் உவமையில் இவ்விரு உரைகளும் ஒன்றுசேர்கின்றன. பகைமையைக் கடந்த அன்பும் அச்சத்தைக் கடந்த அன்பும் அங்கு ஒரே செயலே.

சட்ட அறிஞர் இறுதியில் சமாரியன் என்னும் பெயரைச் சொல்லாமல், இரக்கம் செய்தவன் என்று வினையாலணையும் பெயரால் விடையிறுக்கிறார். இரு வடிவங்களும் இதனை நன்கு பெயர்த்துள்ளன. செயலால் ஒருவரைப் பெயரிடும் இவ்வாற்றல் தமிழுக்கு இயல்பானது. அவ்வாற்றலை ஒரு வரி முன்னரே, வினாவிலும், பயன்படுத்தியிருக்கலாம். அகப்பட்டவருக்கு எவர் அணுக்கர் ஆனார் என்பது போன்ற ஓர் அமைப்பு, நெருக்கத்தையும் ஆதலையும் ஒருங்கே காக்கும். கட்டளையிலும் 'அணுக்கர்' என்றால் பிறனின் அயன்மை குறையும் என்பது உண்மையே. ஒரு சொல்லால் இரண்டையும் பெறுதல் அரிது. அந்நிலையில், மூலத்தின் திருப்பம் எவ்விடத்தில் நிகழ்கிறதோ அவ்விடத்தையே சொல்தேர்வுக்கு அளவுகோலாகக் கொள்வது முறை. முதல் வரவில் பொருந்திய சொல் இறுதி வரவில் எவ்வாறு நிற்கிறது என்று நோக்காத மொழிபெயர்ப்பு, கட்டளையைத் தந்துவிட்டுக் கதையை இழக்கக்கூடும்.