துரையின் காரும் பால் லாரியும்

பழைய வண்டிகளின் மேல் பித்துக் கொண்டவர்களுக்கு 1948 மறக்க முடியாத ஆண்டு. ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ராபர்ட் பீட்டர்சன் 'ஹாட் ராட்' இதழைத் தொடங்கினார். ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் முதன்முதலாக மேடை ஏறியது. அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மோரிஸ் மைனர். இவற்றுக்கு நடுவே, ஜூன் 16 அன்று, ஈப்போவிலிருந்து செமோரைத் தாண்டி வடக்கே போனால் வரும் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு எதிரான மலாயாவின் அவசரகாலம் தொடங்கியது. கடைசியாகச் சொன்னதை மறந்துவிட்டு மற்ற மூன்றை மட்டும் கொண்டாடுவது இந்த வட்டாரத்தில் பழைய வண்டி ரசிப்பின் பெருங்குறை என்று நினைக்கிறேன். அதைத்தான் இங்கே எடைபோடப் போகிறேன்.

ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் பழைய வண்டிகள் ஒன்றுகூடும் இடங்களில் மைனர், பீட்டல், மினி, இப்போது 1985ஆம் ஆண்டுப் புரோட்டோன் சாகாவும் வரிசையாக நிற்கின்றன. கூட்டம் பளபளப்பைச் சுற்றியே மொய்க்கிறது. குரோமியம் மின்னுகிறதா, இருக்கைத் தோல் அசலா, எஞ்சின் எண்ணும் உடல் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறோம். இவை உழைப்பின் அளவுகோல்கள், மதிக்க வேண்டியவை. ஆனால் ஒரு வண்டி ஏன் போற்றத்தக்கது என்ற கேள்விக்கு இவற்றில் பதில் இல்லை.

மைனரின் தகுதி வெறும் ஏக்கத்தால் வந்ததல்ல. அலெக் இசிகோனிஸ் அதை வடித்தபோது, மலிவு வண்டிகளில் அன்று அரிதாக இருந்த ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங்கை வைத்தார். முன் சக்கரங்களுக்கு டோர்ஷன் பார் தொங்கலமைப்பு கொடுத்தார். பெரிய சக்கரங்களே வழக்கமாக இருந்த காலத்தில் 14 அங்குலச் சக்கரங்களைத் தேர்ந்தெடுத்து, எஞ்சினை முன்னால் தள்ளி, உள்ளே நால்வர் உட்கார இடம் கண்டுபிடித்தார். வளைவுகளில் மைனர் கைக்குச் சொன்னபடி திரும்பும் சுகம் இந்த முடிவுகளிலிருந்து பிறந்தது. நாற்பது குதிரைத் திறன்கூட இல்லாத ஆரம்பகால மைனரில் ஒருவர் சிரித்துக்கொண்டே ஓட்டுகிறார் என்றால், அது வடிவமைப்பின் வெற்றி.

இதைவிட எனக்குப் பிடித்தது அதன் அகலத்தின் கதை. மாதிரி வண்டி கண்ணுக்கு ஒடுங்கித் தெரிந்ததால், உற்பத்தி நெருங்கிய நேரத்தில் இசிகோனிஸ் அதை நெடுக்காக இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதிகளையும் விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினால் சரியாகும் என்று முடிவு செய்தார். பானட்டின் நடுவே ஓடுகிறதே தட்டையான பட்டை, அது அந்த அறுவையின் தழும்பு. பம்பர்கள் ஏற்கெனவே தயாராகிவிட்டதால் அவற்றையும் வெட்டி நடுவில் ஒரு துண்டு சேர்த்தார்கள். ஆக, நாம் 'அசல்' என்று தொழும் வண்டி பிறக்கும்போதே வெட்டி ஒட்டப்பட்டது. எஞ்சினும் அப்படித்தான். இசிகோனிஸ் புதிய தட்டை எஞ்சின் ஒன்றை விரும்பினார். அது கிடைக்காமல் பழைய 918 சிசி எஞ்சினைப் பொருத்தினார்கள். 1952 முதல் 803, 1956இல் 948, 1962இல் 1098 என்று தொழிற்சாலையே எஞ்சினை மாற்றிக்கொண்டே போனது. ஏறத்தாழ 16 லட்சம் வண்டிகள் வெளிவந்து, 1971இல் கதை முடிந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ட்ரனியன் என்னும் கீழ்மூட்டுக்குக் காலத்தில் கிரீஸ் அடிக்காவிட்டால் முன் சக்கரம் ஒரு நாள் மடங்கி விழும். பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் ஒளிந்திருப்பதால் அதைப் பார்க்கவே மனமில்லாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். நம் ஊர் மழைக்கு உடலின் அடிப்பக்கம் உள்ளிருந்தே துருவேறும், வெளியே சாயம் புதுசாகவே இருக்கும். எனவே பளபளப்பைப் பார்த்து மதிப்பெண் போடுவது மைனரைப் பொறுத்தவரை ஆபத்தான பழக்கம். குனிந்து அடியைப் பார்க்காத நடுவர் வண்டியைப் பார்க்காத நடுவர்.

அடுத்தது லேண்ட் ரோவர். போருக்குப் பின் பிரிட்டனில் எஃகு பங்கீட்டில் இருந்தது. அதனால் ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸும் அவர் கூட்டத்தாரும் உடலுக்கு அலுமினியக் கலவைத் தகடு எடுத்தார்கள். 80 அங்குலச் சக்கர இடைவெளி, 1595 சிசி எஞ்சின், ஏர் உழவும் மரம் அறுக்கவும் எஞ்சினிலிருந்து சக்தி எடுக்கும் வசதி. விவசாயிக்காகச் செய்த வண்டி மலாயாவில் காவல்துறைக்கும் பட்டாளத்துக்கும் தோட்டத் துரைகளுக்கும் வேறு வேலை செய்தது. சிவப்பு மண் பாதையில், மழைக்குப் பிறகு, மைனர் புதைந்து நிற்கும் இடத்தில் அது போகும். தகடு துருப்பிடிக்காது; சேசிஸ் துருப்பிடிக்கும். 2016 ஜனவரி 29 வரை அதன் வாரிசுகள் சொலிஹல் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தன. இந்த நிலத்துக்குப் பொருந்திய பொறி என்று பார்த்தால் மைனரைவிட லேண்ட் ரோவர் ஒரு படி மேல், இதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் இரண்டும் யாருடைய வண்டிகள்? அவசரகாலத்தில் துரைகள் தங்கள் கார்களுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள். 1951 அக்டோபர் 6 அன்று ஃபிரேசர்ஸ் ஹில் பாதையில் உயர் ஆணையர் ஹென்றி கர்னி ரோல்ஸ் ராய்ஸில் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கார்களைப் பற்றி வாகன வரலாற்று நூல்களில் படிக்கலாம். அதே ஆண்டுகளில் விடியும் முன்னே பெரட்டு என்னும் வருகைப் பதிவுக்கு நின்று, ரப்பர் பால் வெட்டப் போனவர்கள் எதில் போனார்கள்? நடந்தார்கள். தூரத்து மர நிரைகளுக்கு லாரியில் நின்றுகொண்டு போனார்கள், தகடு அடிக்காத, கூரையில்லாத லாரியில். அந்த லாரிதான் வாளிகளில் சேர்ந்த பாலை ஸ்டோருக்கு ஏற்றியது. அதுவேதான் பிள்ளைகளைப் பள்ளிக்கும், பிரசவ வேதனையில் இருந்தவளை ஆஸ்பத்திரிக்கும், திருவிழா அன்று குடும்பங்களைக் கோயிலுக்கும் கொண்டுபோனது. பெட்ஃபோர்ட், பிறகு ஜப்பானிய லாரிகள், சில தோட்டங்களில் டிராக்டரும் டிரெய்லரும். அந்த வண்டிகளில் ஒன்றுகூட இந்தக் கூட்டங்களில் வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை.

கார் என்ற பொருளோடு நமக்குள்ள உறவு இதைவிட ஆழமானது. 1877இல் கோலாகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளிலிருந்து தொடங்கிய கதை அது. 1908க்கும் 1927க்கும் இடையில் ஃபோர்ட் 1.5 கோடி மாடல் டி கார்களைச் செய்தார். அத்தனைக்கும் டயர் வேண்டும். 1920களில் உலக ரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து போனது, அதைக் கீறி எடுத்த கைகளில் பெரும்பங்கு தமிழ்க் கைகள். அமெரிக்கக் கார் வரலாற்றின் ஒவ்வொரு மைலும் செமோர் போன்ற ஊர்களின் மரங்களுக்கு மேல் ஓடியது. அந்த மரத்தை வெட்டியவருக்குக் கார் எட்டாப் பொருளாகவே இருந்தது. கிராணி (தோட்டக் கணக்கர்), டிரெஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்), பள்ளி ஆசிரியர் வீடுகளுக்குத்தான் பல ஆண்டு சிக்கனத்துக்குப் பிறகு ஒரு மைனரோ ஆஸ்டினோ வந்தது. அந்த மைனரை நான் துரையின் கார்களோடு சேர்க்கமாட்டேன். அது ஒரு குடும்பம் தொழிலாளர் லயத்திலிருந்து எழுந்து நின்றதற்கான சாட்சி, அதன் மதிப்பு குரோமியத்தில் இல்லை.

எதிர்வாதம் வலுவானது. லாரியில் வடிவமைப்பு நேர்த்தி எங்கே இருக்கிறது? இல்லை. இசிகோனிஸின் ஒரு கதவுக் கைப்பிடிக்கு இருக்கும் சிந்தனை அந்த லாரியின் முழு உடலுக்கும் இல்லை. வண்டி என்ற அளவில் போட்டி வைத்தால் லாரி முதல் சுற்றிலேயே தோற்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போன ஆண்டுகளில் அவை பழைய இரும்புக்குப் போனதற்கு ஒரு காரணம் இதுவே, யாருக்கும் அவை அழகாகத் தெரியவில்லை. பால் சிந்தி அமோனியா ஊறிய தளத்தைத் துடைத்து வைத்துக்கொள்ள யாருக்குத் தோன்றும்? இருந்தாலும் அழகை மட்டும் அளவுகோலாக வைத்தால், அழகான பொருளை வாங்க முடிந்தவர்களின் வரலாறு மட்டுமே மிஞ்சும்.

இப்போது ஹாட் ராட் ரசிகர்களின் பக்கம் வருகிறேன். 1930களில் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டுகளின் மட்கார்டைக் கழற்றி, எடையைக் குறைத்து, எஞ்சினைத் தேற்றி ஓட்டிப் பார்த்தார்கள். 1932இல் வந்த 65 குதிரைத் திறன் ஃபோர்ட் வி8 அவர்களுக்கு வரமாயிற்று. பணமில்லாதவன் தன் கையால் வேகம் செய்துகொண்ட கலை அது. அதை நான் முழு மனதோடு மதிக்கிறேன். இங்கே அதன் நகல் வேறு விதமாக வருகிறது. ஜப்பானிலிருந்து ஹாஃப்-கட் (பாதியாக வெட்டி வந்த பழைய காரின்) எஞ்சின் வாங்கி மைனரில் இறக்குகிறார்கள். மலேசியாவில் எஞ்சின் மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் பரிசோதனையும் வேண்டும், அது சரியான கட்டுப்பாடு. ஆனால் சட்டத்தை விட்டுவிட்டு ரசனையின் பேரில் கேட்டாலும் என் பதில் மாறாது. தொழிற்சாலையே நான்கு எஞ்சின்களை மாற்றி மாற்றிப் பொருத்திய வண்டியில் 1098 எஞ்சினை இறக்குவது குற்றமல்ல. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடுவது இன்றைய போக்குவரத்தில் புத்திசாலித்தனம். 1952இல் ஒப்பந்தம் செய்து ஆஸ்டின் வண்டிகளை உரிமத்தின் பேரில் ஜப்பானில் கோத்த நிசானின் சிறு எஞ்சினை ஆஸ்திரேலியாவிலும் இலங்கையிலும் மைனருக்குப் பொருத்தியவர்கள் உண்டு, அதையும் ஒப்புக்கொள்வேன். இலேசான மூக்கும் கைக்கு இதமான ஸ்டியரிங்கும் காணாமல் போகும் அளவுக்கு எடையும் விசையும் ஏற்றினால், மிஞ்சுவது மைனரின் தோல் மட்டுமே.

மாற்றம் எப்போது மேன்மையாகும் என்பதற்கு யாழ்ப்பாணத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1990இல் தொடங்கிய போர்க்காலப் பொருளாதாரத் தடையால் அங்கே பெட்ரோல் கிடைக்காமல் போனது. ஆஸ்டின் ஏ40, மோரிஸ் மைனர் போன்ற, அழுத்த விகிதம் குறைந்த எஞ்சின்கள் தாழ்ந்த எரிபொருளையும் சகித்துக்கொள்ளும் என்பதை அங்குள்ள மெக்கானிக்குகள் அறிந்திருந்தார்கள். சில துளி பெட்ரோல் காட்டி எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கரும்புகை கக்கிக்கொண்டு அவை நோயாளியையும் பிணத்தையும் மணமக்களையும் சுமந்தன. கண்காட்சி நடுவர் ஒருவர் அந்தக் கார்புரேட்டரைப் பார்த்தால் அசல் இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைப்பார். என் கணக்கில் உலகின் எந்த ஹாட் ராடுக்கும் அது இணை, ஏனெனில் இரண்டிலும் கை, அறிவு, தேவை மூன்றும் ஒன்றாக வேலை செய்தன. தேவையின் தடயத்தைத் துடைத்து எடுத்த மறுசீரமைப்பு அந்த மூன்றையும் அழித்துவிடுகிறது.

இவ்வளவையும் தராசில் வைத்துப் பார்த்து என் முடிவைச் சொல்கிறேன். பொறி என்ற அளவில் மோரிஸ் மைனருக்கே முதலிடம். அந்தக் காலத்துச் சிறு வண்டிகளில் அதன் சமநிலைக்கு இங்கே போட்டியில்லை. மண்ணுக்கு ஏற்ற வண்டி லேண்ட் ரோவர். ஆனால் செமோரிலோ சுங்கை சிப்புட்டிலோ ஒரே ஒரு பழைய வண்டியைக் காப்பாற்ற மட்டும் பணம் இருக்கிறது என்றால், இரண்டையும் ஒதுக்கிவிட்டு பால் லாரிக்குக் கொடுப்பேன். மைனரைக் காக்க உலகம் முழுதும் ஆட்கள் இருக்கிறார்கள்; உதிரிபாகம் இன்றும் புதிதாகச் செய்யப்படுகிறது. லாரியைக் காக்க நம்மைத் தவிர ஆளில்லை. மறுசீரமைப்பில் முழுப் பளபளப்பைவிட ஓடும் நிலையில் காத்த பழைய தோலுக்கு அதிக மதிப்பெண். பாதுகாப்புக்காகச் செய்த மாற்றத்துக்குக் கழிவு கூடாது. காட்சிக்காகச் செய்த மாற்றத்துக்குக் கழிவு உண்டு.

எங்காவது பழைய தோட்டத்து ஸ்டோரிலோ, ஏதோ ஒரு பட்டறையின் பின்புறத்திலோ அப்படி ஒரு லாரி நின்றால், சாயம் பூசுபவரை முதலில் கூப்பிட வேண்டாம். அதன் தளப் பலகையில் ஒட்டியிருக்கும் காய்ந்த பாலைச் சுரண்டாமல் விடுங்கள். கதவில் எழுதியிருக்கும் தோட்டத்தின் பெயரைப் படம் எடுங்கள். அதை ஓட்டியவரோ, அதில் ஏறிப் போனவரோ உயிரோடு இருக்கும்போதே போய், எந்த நிரைக்கு எத்தனை மணிக்குப் போனது, மழையில் எங்கே சிக்கியது, யாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சினைப் பிரிக்கும் வேலை அதற்குப் பிறகு.