தாலாட்டுக்குள் ஒரு தூது

'பாசமலர்' தாலாட்டைக் கேட்டறியாத ஒருவரை மாங்குளத்தில் தேடித்தான் பிடிக்கவேண்டும். 1961இல் வந்த படம். கண்ணதாசனின் வரிகள், விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் இசை, டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா ஆகியோரின் குரல்கள். இலங்கை வானொலி எங்கள் வன்னிக்குள் கொண்டுவந்து சேர்த்த பாட்டு. ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் சந்தியில் நிற்கும் பஸ்ஸுக்குள்ளிருந்து இன்றைக்கும் மிதந்து வரக்கூடிய பாட்டு. பழகியதுதானே என்று கடந்துவிடாமல், அதன் அழகுகளை ஒவ்வொன்றாக நின்று பார்ப்போம், வாருங்கள்.

முதலில் அந்தக் குழந்தை. கவிஞர் அதை முழுதாய் விரிந்த பூவாகக் காட்டவில்லை. பாதி அவிழ்ந்த மலராகவும், இருள் முற்றாய் விலகாத வைகறையாகவும் காட்டுகிறார். கண் சொருகிக் கிடக்கும் மழலை முகத்துக்கு இதைவிடப் பொருந்தும் ஒப்புமை ஏது? உறக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவிலுள்ள மெல்லிய எல்லையை, மலரால் ஒருமுறையும் பொழுதால் ஒருமுறையும் தொட்டுவிடுகிறார்.

அடுத்து, தென்றல். ஆற்றில் ஆடிவிட்டு, பூங்கொடியில் தலைவாரிக்கொண்டு, சின்னஞ்சிறு பெண்ணாய் நடந்து வருகிறது. காற்றுக்குக் கூந்தல் தந்த கற்பனை எத்தனை கனிவானது! நீரின் குளிர்ச்சியும் பூவின் வாசமும் சொல்லாமலே நம்மீது படிகின்றன. உடனே அந்தக் குழந்தை, பொதிகையில் தோன்றி மதுரையில் பொலிந்த தமிழாகவே ஆகிவிடுகிறது. தென்றலுக்கும் பொதிகையே தாயகம் என்பது நம் இலக்கிய மரபு. காற்றிலிருந்து மொழிக்குத் தாவியதாகத் தோன்றியது, உண்மையில் ஒரே மலையின் இரு செல்வங்களைச் சேர்த்துக் கட்டிய நுட்பம்.

பாட்டின் உயிர் இனித்தான் இருக்கிறது. பிரிந்துபோன அண்ணனும் தங்கையும் வெவ்வேறிடத்தில் தத்தம் பிள்ளைகளைத் தாலாட்டுகிறார்கள். அண்ணன் பாடும்போது அத்தை வருகிறாள். தங்கை பாடும்போது மாமன் வருகிறார். ஒருவரையொருவர் அழைக்க வழியற்ற இருவர், பிள்ளையின் உறவுமுறையைச் சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள். அன்னத்தையும் கிளியையும் முகிலையும் தூதுவிட்ட மரபில் வந்த கவிஞர், மடியிலிருக்கும் மழலையையே தூதாக்கிவிட்டார்.

பிரிவைச் சொல்லும் இடத்தில் அவர் காத்த கண்ணியத்தைப் பாருங்கள். எவர்மீதும் பழியில்லை. கனவிலும் எண்ணாத காலம் இடையில் வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கூடப்பிறந்தவர்களைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு வாழும் எங்கள் ஊருக்கு அந்த இடம் அப்படியே தைக்கும். உறவின் நெருக்கத்தைச் சொல்ல வரும்போதோ, கண்ணின் மணியோடு நின்றுவிடாமல் அந்த மணியின் நிழல்வரை இறங்குகிறார். அன்பை இவ்வளவு உள்ளே சென்று காட்டிய உவமையை எத்தனை முறை கேட்டாலும் தகும்.

பாதி மலர்ந்த பூவில் தொடங்கியவர், மண்ணும் கடலும் வானும் மறைந்தாலும் மறையாத உறவில் வந்து முடிக்கிறார். இத்தனை பெரிய துயரைச் சுமந்த பின்னும், பாடினால் ஒரு பிள்ளை நிம்மதியாக உறங்கிவிடுகிறது. தாலாட்டு தாலாட்டாகவே இருக்கிறது என்பதுதான் இந்தக் கவிதையின் ஆகப் பெரிய அழகு.