மாலோ ஊதாரிகளும் மதுரை மீனாட்சியும்

முத்துஸ்வாமி தீக்ஷிதரின் 'வந்தே மீனாக்ஷி' ஒரு ஐரிஷ் நடன மெட்டு என்பது இப்போது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். எந்த நோட்டுஸ்வரத்துக்கு எந்த ஆங்கில மெட்டு என்று வாட்ஸ்அப்பில் பட்டியலே சுற்றுகிறது. அந்தப் பட்டியலோடு நின்றுவிடுகிறோம் என்பதுதான் எனக்குக் குறை. எந்த மெட்டு என்று தெரிந்த பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது. தீக்ஷிதர் அதை எவ்வளவு துல்லியமாகப் பிடித்தார்? இன்றைக்குப் பாடுகிறவர்கள் அதில் எவ்வளவை வைத்திருக்கிறார்கள்?

மெட்டின் பெயர் 'ரேக்ஸ் ஆஃப் மாலோ'. மாலோ, அயர்லாந்தில் கார்க் மாவட்டத்து ஊர். 18ஆம் நூற்றாண்டில் அங்கே ஊற்று நீரில் குளிக்க வந்து கூத்தடித்த பணக்காரப் பிள்ளைகள்தான் அந்த 'ரேக்ஸ்'. ஊதாரிகள் என்று சொல்லலாம். 1740களிலேயே லண்டனில் அச்சான நடனப் புத்தகங்களில் இந்த மெட்டு வந்துவிட்டது. அங்கிருந்து ராணுவ பேண்டுகள் வழியாகச் சென்னைக் கோட்டைக்கு வந்தது. மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்த தீக்ஷிதர் சகோதரர்கள் அந்த பேண்டைக் கேட்டார்கள், தம்பி பாலுஸ்வாமி வயலினும் கற்றுக்கொண்டார் என்பது சுப்பராம தீக்ஷிதர் வழியாக நமக்கு வந்த வரலாறு.

எங்கள் வாலாஜாபாத்திலும் அந்தக் காலத்தில் பெரிய கண்டோன்மென்ட் இருந்தது. தீக்ஷிதர் காஞ்சிபுரத்தில் சில வருஷம் தங்கியிருந்தார், ஏகாம்பரநாதர் மேலேயே ஒரு நோட்டுஸ்வரம் இருக்கு. இரண்டையும் முடிச்சுப் போட்டு "நம்மூர் பேண்டைக் கேட்டுத்தான் போட்டார்" என்று சொல்ல இங்கே ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஊர்ப்பாசம் சரி, ஆதாரம் கோட்டைப் பக்கம்தான் கை காட்டுகிறது. விட்டுவிடுவோம்.

மெட்டையும் பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு ஒரு சின்ன வேலை செய்தேன். ஐரிஷ் இசைக்காரர்கள் 'ஏபிசி' என்ற எளிய எழுத்து வடிவத்தில் மெட்டுகளைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். ஜி சுருதியில் உள்ளதை ஸட்ஜமாக எடுத்துக்கொண்டால் அது அப்படியே சங்கராபரணம். முதலில் ஸ‑க, ஸ‑க என்று தாவி, மறுபடி ஒரு ஸ‑க வந்து, நான்கு ஸ்வரம் வேகமாக இறங்கும். அடுத்த வாக்கியம் இதே வடிவம், ஆனால் ஒரு படி கீழே: நி‑ரி, நி‑ரி.

இப்போது சாகித்யத்தைப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் பத்து அசைகள். முதல் ஆறும் குரு, கடைசி நான்கும் லகு. குருவுக்கு இரண்டு மாத்திரை, லகுவுக்கு ஒன்று; கூட்டினால் பதினாறு. மெட்டிலும் ஆறு நீண்ட ஸ்வரம், நான்கு குறுகிய ஸ்வரம். இரண்டாம் வாக்கியத்திலும் அப்படியே, ஆறு குரு, நான்கு லகு. சில எழுத்துகள் உயிரளவில் குறில்தான், பின்னால் கூட்டெழுத்து வருவதால் கனம் பெறுகின்றன. அந்த அளவுக்குக் கணக்கு பார்த்திருக்கிறார். அவருடைய முத்திரையான 'குருகுஹ'வே நான்கு லகு என்பதால் ஓட்டமான இடத்தில் சும்மா போய் உட்கார்ந்துகொள்கிறது.

என்னைப் பொறுத்தவரை இந்த மெட்டுக்குத் தமிழ்நாட்டில் எழுதப்பட்ட முதல் ஸ்வரக்குறிப்பு இந்த சாகித்யம்தான். தீக்ஷிதர் 1835இல் மறைந்தார். சுப்பராம தீக்ஷிதர் நோட்டுஸ்வரங்களை 'பிரதமாப்யாச புஸ்தகமு'வில் அச்சிட்டது 1905இல். நடுவில் எழுபது வருஷம். அத்தனை காலமும் தாளம் கலையாமல் காத்தது சமஸ்கிருத யாப்பு. அந்த எழுத்துகளைச் சரியாக உச்சரித்தாலே பேண்டின் நடை வந்துவிடும்.

(கிட்டத்தட்ட அதே சமயம், 1903இல், சிகாகோவில் ஃபிரான்சிஸ் ஓ'நீல் என்ற போலீஸ் அதிகாரி 1850 ஐரிஷ் மெட்டுகளைப் புத்தகமாகப் போட்டார். அவரும் கார்க் மாவட்டத்துக்காரர். அவர் வாசிக்க, ஸ்வரப்படுத்தியது ஜேம்ஸ் ஓ'நீல் என்ற ஃபிடில்காரர். எட்டயபுரமும் சிகாகோவும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தன.)

அதனால்தான் பல ஒலிப்பதிவுகள் மேல் எனக்கு வருத்தம். நான் கேட்டவற்றில் பெரும்பாலானவை இதைக் குழந்தைப் பாட்டாக நினைத்து இழுத்துப் பாடுகின்றன. லகு நான்கும் குருவாக வீங்கிவிடுகிறது, தாவ வேண்டிய ஸ‑கவில் ஒரு ஜாரு வேறு. கமகம் வேண்டாம் என்று வாத்தியார்கள் சொல்லித்தருகிறார்கள், சரிதான், காலப்பிரமாணத்தைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? இது ஆடுகிறவர்களுக்காகப் போட்ட மெட்டு. ஒவ்வொரு பகுதியும் இரண்டு தரம் வருவதே கால்களுக்காகத்தான். கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக ஒரே தரம் பாடி ஓடிவிடுவது அதற்கு நியாயமில்லை. கன்னிக்ஸ் கன்னிகேஸ்வரனின் 'விஸ்மயா' ஆல்பம் நோட்டுஸ்வரங்களை ஐரோப்பிய வேர்களோடு சேர்த்துக் கேட்க வைத்தது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வாத்தியத்தை மாற்றினால் மட்டும் போதாது, அசை அளவு நிற்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று. 1952இல் வந்த 'தி குவைட் மேன்' படத்தின் பின்னணி இசையில் இந்த மெட்டு வருகிறது. அதன் வேகத்திலேயே கூடச் சேர்ந்து சாகித்யத்தை முணுமுணுத்துப் பாருங்கள். ஒரு எழுத்தைக்கூட நீட்டவோ முழுங்கவோ வேண்டியிருக்காது.