புதையலும் பொருள்கோளும்

திருக்குர்ஆனின் பதினெட்டாம் அத்தியாயமான அல்கஹ்ஃபில் ஒரு நகரமும் அதில் ஒரு புதையலும் இடம்பெறுகின்றன. விருந்தளிக்க மறுத்த ஊரொன்றில், விழும் நிலையில் இருந்த சுவரை ஹிழ்ரு (அலை) அவர்கள் நிமிர்த்தி வைக்கிறார்கள். இதற்குக் கூலி பெற்றிருக்கலாமே என்கிறார்கள் மூஸா (அலை) அவர்கள். அச்சுவர் அந்நகரத்து அநாதைச் சிறுவர் இருவருக்கு உரியது என்பதும், அதன் கீழ் அவர்களுக்கான புதையல் இருப்பதும், அவர்கள் வளர்ந்து தாமே அதனை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற இறைநாட்டமும் பின்னரே விளக்கப்படுகின்றன. அவ்விளக்கத்தைக் குறிக்கத் திருமறை ஆளும் சொல் ‘தஃவீல்’. புதையலையும் பொருள்கோளையும் ஒரே நிகழ்ச்சியில் இணைக்கும் இப்பகுதியை மனத்திற்கொண்டே இங்கு ஒரு நூலை மதிப்பிட விழைகிறேன்.

1982-இல் அமெரிக்காவில் வெளியான ‘தி சீக்ரெட்’ அந்நூல். 2006-இல் அதே பெயரில் வந்து உலகெங்கும் விற்பனையான தன்முன்னேற்ற நூலோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. பைரன் பிரைஸ் என்னும் பதிப்பாளர் வட அமெரிக்காவின் பன்னிரண்டு இடங்களில் பன்னிரண்டு பேழைகளைப் புதைத்தார். ஒவ்வொரு பேழையிலும் ஒரு திறவுகோல். அதனைக் கொண்டு வருபவருக்கு ஓர் இரத்தினக்கல் பரிசு. இடத்தைக் கண்டறிய ஜான் ஜூட் பாலன்கார் வரைந்த பன்னிரண்டு ஓவியங்களும் பன்னிரண்டு பாடல்களும் நூலில் தரப்பட்டன. எந்த ஓவியத்துக்கு எந்தப் பாடல் இணை என்பது மட்டும் சொல்லப்படவில்லை. பழைய உலகின் தேவதைகள் தம் மணிகளோடு புதிய உலகுக்குக் குடிபெயர்ந்தனர் என்ற கற்பனைக் கதை இவற்றுக்குச் சட்டமாக அமைந்தது. 1983-இல் சிகாகோவிலும், 2004-இல் கிளீவ்லாந்திலும், 2019-இல் பாஸ்டனிலுமாக முப்பத்தேழு ஆண்டுகளில் மூன்று பேழைகளே மண்ணிலிருந்து வெளிப்பட்டன.

இலக்கியம் என்ற அளவில் இப்பாடல்கள் உயர்ந்தவை அல்ல. சொல்லுக்குச் சொல் குறிப்பைச் சுமக்க வேண்டியிருப்பதால் அவற்றில் உணர்வுக்கு இடமில்லை. எனினும் நூலுக்கு ஒரு சிறப்பு உண்டு. அது தன் வாசகனை நூலகத்திலிருந்து தெருவுக்கு அனுப்புகிறது. கிளீவ்லாந்துப் பாடலில் சாக்ரடீஸ், பிண்டார், அப்பெல்லீஸ் என்ற கிரேக்கப் பெயர்கள் வருகின்றன. அந்நகரின் கிரேக்கப் பண்பாட்டுத் தோட்டத்தில் அப்பெயர்கள் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. நாள்தோறும் அவ்வழியே நடந்தவர் எத்தனையோ பேர்; அக்கல்லை நின்று படித்தவர் சிலரே. பயின்றறியாத சாதாரண மனிதர்களைச் சிலைகளையும் கல்வெட்டுகளையும் நகர வரலாற்றையும் ஆராய வைத்ததை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இவ்வகை வாசிப்பில் ‘கரீனா’ எனும் துணைச்சான்றுக்கு எல்லையே இல்லாமற் போகிறது. ஓவியத்தின் மடிப்பொன்று ஓர் ஆற்றின் வளைவாகத் தெரியும்; பாடலின் ஓரெழுத்து ஒரு தெருவின் பெயராகும். முதலில் ஒரு பூங்காவை மனம் தேர்ந்துகொள்கிறது. பிறகு அங்குள்ள கல், மரம், விளக்குக்கம்பம் அனைத்தும் அதற்குச் சாட்சி சொல்ல அழைக்கப்படுகின்றன. தோண்டிப் பார்த்து ஒன்றும் கிடைக்காதபோது, தன் பொருள்கோள் பிழை என எண்ணுபவன் அரியவன். பேழையை யாரோ முன்பே எடுத்திருக்க வேண்டும் என்பான், அல்லது சில அடிகள் தள்ளித் தோண்டுவான். தோல்வியாலும் அசைக்க முடியாத விளக்கம் வெற்றியாலும் மெய்ப்பிக்கப்படுவதில்லை.

இந்நோய் இன்று பிறந்ததன்று. இப்னு கல்தூன் (1332–1406) தம் ‘முகத்திமா’வில் இதற்கென ஓர் இயலையே ஒதுக்கியுள்ளார். புதையல் தேடுவது இயற்கையான வாழ்வாதாரம் ஆகாது என்பது அதன் துணிபு. பண்டைச் சமூகங்களின் செல்வம் மாந்திரீக முத்திரையோடு மண்ணுக்கடியில் உள்ளது என நம்பும் நகரவாசிகளை அவர் விவரிக்கிறார். மக்ரிபில் ஓரங்கள் கிழிந்த தாள்களில் புரியாத எழுத்துகளைக் காட்டி, புதைத்தவர்களே எழுதிவைத்த அடையாளங்கள் இவை எனச் செல்வந்தரை நம்பவைத்துப் பிழைத்தவர்களைப் பற்றியும் எழுதுகிறார். இந்த ஆசையில் முன்நின்றவர்கள் கெய்ரோ போன்ற பெருநகரங்களின் ஆடம்பரப் பிரியர்களே என்றும், செலவு வருவாயை மிஞ்சும்போது உழைப்பின்றிப் பெருஞ்செல்வம் ஒரே தடவையில் வரவேண்டும் என மனம் ஏங்குகிறது என்றும் காரணம் காட்டுகிறார். அவ்வேக்கம் அவரோடு முடிந்துவிடவில்லை. எகிப்தில் கைமாறி வந்த புதையல் வழிகாட்டி நூலொன்றை 1907-இல் கெய்ரோவில் அஹ்மத் கமால் பதிப்பித்தார். அந்நாட்டின் தொல்லியல் முன்னோடியான அவர், அந்நூலை நம்பித் தோண்டியவர்களால் பழஞ்சின்னங்கள் அழிந்ததற்காக வருந்தியவர்.

இப்னு கல்தூன் வைக்கும் தருக்கம் கூர்மையானது. தன் பொருளை மறைத்து முத்திரையிட்டவன், அதனைப் பிறர் கண்டெடுக்கும்படி அடையாளம் எழுதி வைப்பானா? மறைக்கும் நோக்கமும் அறிவிக்கும் செயலும் ஒன்றையொன்று மறுக்கின்றன அல்லவா? ‘தி சீக்ரெட்’ இக்கேள்விக்கு எதிர்வழக்குப் போலத் தோன்றும். இங்கே புதைத்தவரே கண்டுபிடிக்கப்பட வேண்டும் என விரும்பினார், குறிப்புகளும் உண்மையானவை, வாசகர் எவரும் ஏமாற்றப்படவில்லை. ஆயினும் விளைவு ஏறக்குறைய ஒன்றே. மோசடி இல்லாத இடத்திலும் பெரும்பாலோர் வழிதவறினார்கள் என்றால், பிழை தாளில் மட்டும் இல்லை. படிக்கும் முறையிலும் இருக்கிறது என்பது தெளிவாகிறது. இப்னு கல்தூன் தொடாத இப்பகுதிக்கு உஸூலுல் ஃபிக்ஹ் கலையே விளக்கம் தரும்.

ஹனஃபி உஸூல் அறிஞர்கள் பொருள் மறைந்த சொற்களை நான்கு படிகளாகப் பகுத்தனர். சிறிது தேடினால் விளங்குவது ‘கஃபீ’. தேடலோடு ஆழ்ந்த சிந்தனையும் வேண்டுவது ‘முஷ்கில்’. சொன்னவரே விளக்கினாலன்றி விளங்காதது ‘முஜ்மல்’. இவ்வுலகில் அறிய வழியற்றது ‘முதஷாபிஹ்’. இறைமொழிக்கும் நபிமொழிக்கும் வகுக்கப்பட்ட இப்பகுப்பை மனிதன் எழுதிய விளையாட்டு நூலுக்கு ஒப்புக்காகவே பொருத்துகிறேன். கிளீவ்லாந்துப் பாடல் முஷ்கில் வகை: தேடினார்கள், சிந்தித்தார்கள், பொருள் திறந்தது. எஞ்சியவற்றுள் சில முஜ்மலாக இருக்கலாம். அவற்றை விளக்க வேண்டிய பிரைஸ் 2005-இல் சாலை விபத்தில் இறந்துபோனார். அதன் பின்னரும் 2019-இல் பாஸ்டன் பேழை கிடைத்ததால் எல்லாக் கதவும் அடைபட்டது எனச் சொல்வதற்கில்லை. ஆனால் அப்பேழை வெளிப்பட்டதும் பூங்காச் சீரமைப்புக்காக நிலம் அகழப்பட்ட வேளையில்தான். தேடுபவன் கேட்க வேண்டிய முதற்கேள்வி ‘இதன் பொருள் யாது’ என்பதன்று. ‘இச்சொல் எந்தப் படியைச் சேர்ந்தது’ என்பதே. அக்கேள்வியைக் கடந்து தாவுபவன், விளக்குபவரின் இடத்தில் தன் விருப்பத்தை அமர்த்திவிடுகிறான்.

மவ்லானா ரூமி (ரஹ்) ‘மஸ்னவி’யின் ஆறாம் பாகத்தில் இதனையே கதையாக்குகிறார். உழைக்காமல் உணவு கேட்டுப் பிரார்த்தித்த ஓர் ஏழைக்கு, தாள் விற்பவனின் கடையில் ஒரு புதையல் குறிப்பு இருப்பதாகக் கனவில் அறிவிக்கப்படுகிறது. நகருக்கு வெளியேயுள்ள மாடத்துக்கு முதுகையும் கிப்லாவுக்கு முகத்தையும் காட்டி நின்று, வில்லில் அம்பை வைத்து விடு; விழுந்த இடத்தைத் தோண்டு என்பது குறிப்பு. அவன் வலிமை கொண்ட மட்டும் நாணை இழுத்து எய்தான், தோண்டினான், கிடைக்கவில்லை. செய்தி அரசனை எட்டியது. அவனும் வில்லாளிகளைக் கொண்டு ஆறு மாதம் எய்வித்துச் சலித்துக் குறிப்பைத் திருப்பித் தந்தான். இறுதியில் ஏழைக்கு உண்மை உணர்த்தப்படுகிறது: அம்பை வில்லில் வைக்கத்தானே சொல்லப்பட்டது, இழுக்கச் சொன்னவர் யார்? புதையல் அவன் காலடியில் கிடந்தது. குறிப்பு பொய்யன்று, வாசகன் அதில் இல்லாத ஒரு வினைச்சொல்லைச் சேர்த்துக்கொண்டான்.

நகரப் பூங்காவில் நாணை இழுப்பவர்களால் சில குழிகளே மிஞ்சும். வேதத்தின் முன் அதைச் செய்பவர்களால் நேரும் கேடு பெரிது. 1974 முதல் பத்தொன்பது என்ற எண்ணே திருக்குர்ஆனின் மறைகுறி எனப் பரப்பிய ரஷாத் கலீஃபாவை நம்மில் பலர் அறிவர். பிஸ்மில்லாஹ்வின் எழுத்து எண்ணிக்கையும் அத்தியாயங்களின் தொகையும் பத்தொன்பதுக்குள் அடங்குவதைக் கண்டு வியந்து தொடங்கிய அப்பயணம், கணக்கு இடித்தபோது அத்தவ்பா அத்தியாயத்தின் கடைசி இரு வசனங்களையே நீக்கச் சொல்லும் இடத்தில் போய் முடிந்தது. வசனத்துக்காகக் கணக்கு என்பது மாறிக் கணக்குக்காக வசனம் என்றாயிற்று. நேர்வழி காட்ட வந்த வேதத்தைப் புதையல் வரைபடமாக்கியதன் விளைவு இது. ஒவ்வொரு புதிய கண்டுபிடிப்புக்கும் வசனமொன்றைத் தேடிப் பொருத்தி மகிழும் நம் மேடைப்பேச்சாளர் சிலரும், நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், அதே நாணைத்தான் இழுக்கிறார்கள்.

இதற்கு மாறான வாசிப்பை இமாம் தபரி (ரஹ்) அவர்களிடம் காண்கிறோம். சுவருக்கடியில் இருந்த புதையல் யாது என்பதில் முன்னோரிடையே இரு கருத்துகள் இருந்தன. அது அறிவு பொறிக்கப்பட்ட ஏடுகள் என்றனர் சிலர். செல்வமே என்றனர் வேறு சிலர். முன்னது செவிக்கு இனியது; என் போன்ற ஆசிரியனுக்கு மிகவும் உவப்பானது. தபரி இரண்டையும் எடுத்துரைத்துவிட்டு, ‘கன்ஸ்’ என்ற சொல் அரபியர் வழக்கில் சேமித்துவைத்த செல்வத்தையே குறிக்கும் என்பதால் பின்னதையே ஏற்கிறார். அம்பை வில்லில் வைத்தார், நாணை இழுக்கவில்லை.

‘தி சீக்ரெட்’ நூலை முடித்தபோது என் மனம் மீண்டும் அந்தச் சுவரிடமே சென்றது. அந்த ஊரில் புதையல் இருக்குமிடத்தை அறிந்திருந்தவர் ஹிழ்ரு (அலை) அவர்கள். அது எவருக்கு உரியது என்பதும் எப்போது வெளிப்பட வேண்டும் என்பதும் அவர்களுக்கு அறிவிக்கப்பட்டிருந்தன. அவ்வறிவைப் பெற்றவர்கள் மண்ணைத் தோண்டவில்லை. பசியோடு இருந்தும் கூலி வாங்காமல் சுவரை எழுப்பினார்கள்.