பேதுரு ஒருவரல்ல, நால்வர்

பேதுரு மாட்டிக்கொண்டது பேச்சால். இயேசு கைதான இரவில், தலைமை ஆசாரியரின் முற்றத்தில், இருட்டில், கூட்டத்தோடு கூட்டமாக நின்றவரை மூன்றாவது முறை மடக்கியவர்கள் அவர் முகத்தைச் சுட்டவில்லை. அவர் வாய் திறந்ததும் கலிலேயாக்காரர் என்று தெரிந்துவிட்டது என்கிறார் மத்தேயு. வடக்கே ஏரிக்கரையில் மீன் பிடித்தவரின் உச்சரிப்பு எருசலேமில் ஒளிந்துகொள்ளுமா?

செகந்திராபாத்தில் உள்ள லாலாகுடாத் தமிழருக்கு இதற்கு வியாக்கியானம் தேவையில்லை. செகந்திராபாத் கண்டோன்மெண்டுக்கு வந்த மதராஸ் பட்டாளத்தோடு சிலர், 1893-ல் நிஜாம் ரயில்வே இங்கே ஒர்க்‌ஷாப் திறந்த பிறகு வேலைக்காகப் பலர் எனத் தமிழர்கள் இங்கே தங்கிப்போனார்கள். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, வேலையிடத்தில் ஹைதராபாத் இந்தி. மூன்று தலைமுறை ஆன பின்னும் ஒரு வார்த்தை பேசினால் போதும், "மதராஸியா?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொன்ன அனுபவம் உள்ளவர், பேதுருவின் கதையை முற்றத்துக்கு உள்ளிருந்தே கேட்கலாம்.

ஆனால் நாம் அப்படிக் கேட்பதில்லை. நான்கு சுவிசேஷங்களையும் ஒன்றாகக் கலக்கி ஒரே கதையாக மனதில் வைத்திருக்கிறோம்: மறுதலித்தார், சேவல் கூவிற்று, அழுதார். பிரசங்கங்களும் அழுகைக்குத்தான் அவசரமாக ஓடுகின்றன. ரசிக்க வேண்டுமென்றால் முதலில் இந்தக் கலவையைப் பிரிக்க வேண்டும். கத்தோலிக்க ஆலயங்களில் அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. குருத்து ஞாயிறன்று மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரில் ஒருவருடைய பாடுகளின் வரலாறு ஆண்டுக்கு ஒன்றாகச் சுற்றி வரும். பெரிய வெள்ளியன்று எப்போதும் யோவான்தான். ஒரே வாரத்தில் இரண்டு பேதுருக்கள். பெரும்பாலும் மூன்று குரல்களில் வாசிப்பார்கள்: இயேசுவுக்கு ஒன்று, கதை சொல்பவருக்கு ஒன்று, மற்ற எல்லோருக்கும் ஒன்று. வேலைக்காரப் பெண்ணின் குற்றச்சாட்டும் பேதுருவின் மறுப்பும் ஒரே வாயிலிருந்து வரும். அடுத்த முறை அந்த மூன்றாவது குரலைப் பின்தொடருங்கள்.

மாற்குவில் கட்டுமானத்தைப் பாருங்கள். பேதுரு முற்றத்தில் நெருப்பருகே வந்து உட்காருகிறார். அவரை அங்கேயே விட்டுவிட்டு மாற்கு நம்மை விசாரணைக்கு அழைத்துப்போகிறார். அங்கே இயேசுவிடம் அவர் யார் என்று கேட்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் உண்மையைச் சொல்கிறார். முகத்தை மூடி அடித்து, தீர்க்கதரிசனம் சொல்லும்படி கேலி செய்கிறார்கள். உடனே காட்சி கீழே முற்றத்துக்கு இறங்குகிறது. அங்கே, பேதுரு தம்மை மறுதலிப்பார் என்று இயேசு முன்னாலேயே சொன்னது ஒவ்வொன்றாக நிறைவேறிக்கொண்டிருக்கிறது. கேலி செய்தவர்களுக்குப் பதில் அடுத்த பத்தியில் இருக்கிறது. மாற்கு அதை விளக்குவதே இல்லை. சேவலும் இவரிடம்தான் இரண்டு முறை கூவும். பேதுருவின் நினைவுகளைக் கேட்டே மாற்கு எழுதினார் என்று 2-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு மரபு உண்டு. அது சரியென்றால், தம்மைப் பற்றி இவ்வளவு கடுமையாகச் சொல்லிக்கொடுத்தவர் பேதுருவேதான்.

மத்தேயு அவரை உயரத் தூக்கிக் கீழே போடுகிறவர். சபைக்குப் பாறை என்று பெயர் பெற்ற சில வரிகளுக்குள் சாத்தான் என்று திட்டும் வாங்குகிறார். தண்ணீர்மேல் பேதுரு நடந்ததும் மத்தேயுவில் மட்டுமே. அவர் மூழ்கியதை வாசகர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். படகிலிருந்து கால் எடுத்து வைத்தவர் அவர் ஒருவரே என்பதை மறந்துவிடுகிறார்கள். முற்றத்திலும் அதே கதைதான். ஓடிப்போனவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கிட்டப் போனவர்தான் கேள்விக்கு ஆளானார்.

லூக்காவில் ஒரே ஒரு பார்வைக்காகக் காத்திருங்கள். சேவல் கூவியதும் இயேசு திரும்பி பேதுருவைப் பார்க்கிறார். மற்ற மூவரிடமும் இது கிடையாது. ரெம்ப்ராண்ட் 1660-ல் வரைந்த ஓவியத்தில் பின்னணி இருளில் திரும்பும் அந்த உருவத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கரவாஜியோ 1610-ல் வரைந்ததில் இயேசுவே இல்லை. போர்வீரனின் ஒரு விரலும் பெண்ணின் இரண்டு விரல்களும் பேதுருவை நோக்கி நீள்கின்றன, மொத்தம் மூன்று குற்றச்சாட்டு. பேதுருவின் இரண்டு கைகளும் தம் நெஞ்சையே காட்டுகின்றன. வாய் 'இல்லை' என்றாலும் கை ஒப்புக்கொள்கிறது. படம் நியூயார்க்கில் இருக்கிறது. செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தாலே விரல்களை எண்ணலாம்.

எனக்குப் பிடித்த பேதுரு யோவானுடையவர். தோட்டத்தில் வாளை உருவியவர் பேதுரு என்று பெயர் சொல்வது யோவான் மட்டுமே. வெட்டுப்பட்டவனின் உறவினன்தான் பிறகு முற்றத்தில் மூன்றாவது கேள்வி கேட்கிறான். தேடி வந்தவர்களிடம் தாமே அவர் என்கிறார் இயேசு. வாசலில் பேதுரு, தாம் அவருடைய ஆள் இல்லை என்கிறார். இங்கே அழுகை கிடையாது. சேவல் கூவும், காட்சி மாறிவிடும். பாஹ் 1724-ல் யோவானின் பாடுகளுக்கு இசையமைத்தபோது இந்த வறட்சி அவருக்கு ஒத்துவரவில்லை போலும். அழுகையை மத்தேயுவிடமிருந்து எடுத்து நடுவில் சேர்த்துவிட்டார். அருமையான இசை. ஆனாலும் யோவான் அழுகையை விட்டதற்குக் காரணம் இருக்கிறது என்பது என் கட்சி. முற்றத்தில் எரிந்தது கரி நெருப்பு. கடைசி அதிகாரத்தில் உயிர்த்தெழுந்தவர் கடற்கரையில் மீன் சுட மூட்டியிருப்பதும் கரி நெருப்பு. அதனருகே பேதுருவிடம் 'என்னை நேசிக்கிறாயா' என்று மூன்று கேள்விகள். அழுது தீர்த்திருந்தால் அந்தப் புகையின் வாசனை பேதுருவை இவ்வளவு படுத்தியிருக்காது.

இந்தப் பகுதியின் பெரும்பாலான ஆலய வாசகங்கள் 'என்னைப் பின்பற்று' என்ற அழைப்போடு முடிந்துவிடும். நீங்கள் இன்னும் மூன்று வசனம் தாண்டிப் படியுங்கள். இப்போதுதான் மன்னிப்பும் பொறுப்பும் கிடைத்திருக்கிறது. பேதுரு திரும்பிப் பார்க்கிறார், பின்னால் இன்னொரு சீடர் வருகிறார். உடனே பேதுரு இயேசுவிடம் கேட்கிறார்: இவன் சங்கதி என்ன? அதைப் பற்றி உனக்கென்ன என்று பதில் வருகிறது.