சிரிக்கத் தெரியாத பொம்மைகள்

கிறிஸ்துமஸ் வந்தால் பொம்மைகளை வைத்து வேடிக்கைக் காட்சிகள் அமைத்துப் படமெடுப்பவர்களுக்கு 'ஸ்டார் வார்ஸ்' லெகோ உருவங்கள்மேல் தனிப் பிரியம். விண்வெளிச் சாம்ராஜ்யத்தின் வெள்ளைக் கவச வீரர்கள் பனியில் மரத்தை இழுத்துப் போவார்கள். அண்டமே நடுங்கும் டார்த் வேடர் பரிசுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பார். இடத்துக்குப் பொருந்தாத ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியதால் சிரிப்பு வருகிறது என்பார்கள். அது பாதிதான். மீதிப் பாதி அந்தத் தலைக்கவசத்தில் இருக்கிறது. தான் செய்வது வேடிக்கை என்று வீரனுக்குத் தெரிந்ததற்கான அடையாளமே அதில் இல்லை. மௌனப்பட நடிகர் பஸ்டர் கீட்டன் எத்தனை முறை விழுந்தாலும் முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் அரங்கைச் சிரிக்கவைத்தது இந்த வழியில்தான். பொம்மையின் இந்தக் கருமமே கண்ணான தன்மையைக் கலையாமல் காப்பதே இக்கலையின் சாரம் என்பேன்.

லெகோ மனிதன் சுமார் 4 செ.மீ. உயரம். முழங்கையும் முழங்காலும் மடங்காது. தோளும் மணிக்கட்டும் சுழலும், கால் முன்னும் பின்னும் போகும், தலை திரும்பும், அவ்வளவுதான். உணர்ச்சி அனைத்தையும் இந்தச் சில அசைவுகளுக்குள் அடக்கியாக வேண்டும். மரத்தை இழுக்கும் இருவருக்குப் பின்னால், அதன் அடியில் மூன்றாமவன் நசுங்கிக் கிடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் போகிறவனின் தலையைத் துளியளவு பின்னால் திருப்பினால் போதும், 'பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடலாமா' என்ற யோசனை அதில் வந்துவிடும். முழுக்கத் திருப்பினால் அது நாடகமாகிவிடும். பனிக்கும் இதே கவனம் வேண்டும். சர்க்கரையைத் தூவினால் அவன் காலடியில் ஒவ்வொரு பரலும் கூழாங்கல் அளவுக்குத் தெரியும். சமையல் சோடா பனியாகவே படியும், மரம் இழுபட்ட தடத்தையும் காட்டும். கேமராவும் பொம்மையின் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். கொலுவில் தரையில் போடும் பார்க்கை நாம் நின்றபடி குனிந்து பார்க்கிறோம், அதனால் அது அழகான பொம்மைப் பூங்காவாகவே நிற்கிறது. மேஜைமேல் லென்ஸைக் கிடத்தி, துவாரத்தைச் சுருக்கி, முன்னும் பின்னும் தெளிவாக விழும்படி எடுத்தால்தான் அந்த வீரனின் இக்கட்டு நம்முடையதாகிறது.

'ஜோக்கைக் கம்பெனியே பெட்டியில் போட்டு விற்கிறதே, படமெடுப்பவருக்கு என்ன வேலை?' என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. லெகோவின் அட்வென்ட் நாட்காட்டிப் பெட்டிகளில் 2011-இல் சாண்டா வேடத்தில் யோடா வந்தார், 2014-இல் டார்த் வேடரே வந்தார். ஆனால் வேடமிட்ட பொம்மை ஜோக்கை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது; வழக்கமான கறுப்பு அங்கியில் நின்று, சிக்கிக்கொண்ட சீரியல் பல்பு ஒயரைப் பிரிக்கும் வேடர்தான் கூடுதலாகச் சிரிக்கவைக்கிறார். 2005-இல் வெளிவந்த 'எல்ஃப் ஆன் தி ஷெல்ஃப்' குட்டிப் பொம்மைக்கும் இதுதான் குறை. இரவோடிரவாகப் பெற்றோர் அதை ஏதாவது குறும்பில் மாட்டிவைப்பது வீட்டுக் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஓரக்கண் பார்வையும் புன்னகையும் அதன் முகத்திலேயே வரைந்திருப்பதால், படமாகப் பார்க்கும்போது நாம் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

கணினியே இப்போது இத்தகைய படங்களை நொடியில் வரைந்து தருகிறதே என்பது அடுத்த ஆட்சேபம். தரும், வீரனுக்கு முழங்கையும் தரும், கேட்டால் புருவமும் தரும். எல்லாம் கிடைத்துவிட்ட இடத்தில் இந்த நகைச்சுவைக்கு வேலையில்லை. மடங்காத பிளாஸ்டிக்கைத் தயங்கவைத்திருக்கிறார்கள் என்று அறிந்து ரசிப்பதில்தான் சுவை. பொம்மையைத் தாங்கிப் பிடிக்கும் ஒயரைக் கணினியில் அழிப்பதில் தவறில்லை. முகத்தைத் தொட்டால்தான் கெட்டது. ஆண்டுதோறும் ஒரே ஜோக் என்ற புகாரில் மட்டும் உண்மை இருக்கிறது. தொப்பியை மாட்டி நிறுத்தியதோடு முடிந்த படங்கள்தான் அதிகம். தேறியதை அடையாளம் காண ஒரு கேள்வி போதும்: அந்தப் பொம்மைக்கு அங்கே செய்ய ஒரு வேலை இருக்கிறதா? நம்மைச் சிரிக்கவைப்பது அந்த வேலையாக இருக்கக் கூடாது.